பராக்கிரம பாண்டியன் போட்ட டிக்கெட்

உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் ஒருவர் அர்த்தராத்திரியில் உட்கார்ந்து, தன் மென்பொருள் மக்கர் பண்ணுகிறது என்று புலம்பி எழுதுகிறார். அந்தப் புலம்பலை வாங்கி, அதற்கு ஓர் எண் கொடுத்து, யார் தலையில் கட்டலாம் என்று பிரித்து அனுப்புவதற்கென்றே ஒரு மென்பொருள் இருக்கிறது. 'சோஹோ டெஸ்க்' என்று பெயர். அதற்குப் பூர்வீகம் தென்காசி. சோஹோ நிறுவனம் 2011-இல் தென்காசியில் சின்னதாக ஓர் அலுவலகம் திறந்தது. அது பிறகு மலையடிவாரத்து மத்தளம்பாறையில் பெரிதாக வளர்ந்தது. மேற்படி புலம்பலுக்குத் துறைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் டிக்கெட். பஸ் டிக்கெட், சினிமா டிக்கெட்டுக்கு அடுத்து நம் வாழ்க்கைக்குள் வந்த டிக்கெட் இது. இதை எடுத்தால் உட்கார இடம் கிடைக்காது. வரிசையில் இத்தனையாவது ஆள் என்ற தகவல் மட்டும் கிடைக்கும்.

வெளியூர்ப் பத்திரிகைக்காரர்கள் வந்து, வயலும் தென்னந்தோப்புமாக இருக்கிற ஊரில் இப்படி ஒரு சமாச்சாரமா என்று வாயைப் பிளக்கிறார்கள். அவர்களுக்குச் சரித்திரம் தெரியாது. உதவி கேட்பதும், கேட்கத் தெரியாமல் கேட்பதும், கேட்டும் கிடைக்காமல் அலைவதும் இந்த வட்டாரத்துக்குப் புராண காலத்திலிருந்தே பழக்கம்.

முதல் கேஸ் அகத்தியர். குற்றாலத்தில் அப்போது நின்ற கோலத்தில் இருந்தவர் திருமால். விபூதிப் பட்டையோடு வந்த குறுமுனிவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். முனிவர் போய் நாமத்தைப் போட்டுக்கொண்டு வந்தார். அதாவது லாகின் பெயரை மாற்றிக்கொண்டார். உள்ளே போனவர் சுவாமியின் தலையில் கைவைத்து அழுத்த, திருமால் சிவலிங்கமாகக் குறுகினார் என்பது தலபுராணம். யாரும் டிக்கெட் போடவில்லை, யாரும் உதவி கேட்கவில்லை; ஆபரேட்டிங் சிஸ்டமே மாறிவிட்டது. பக்க விளைவும் இல்லாமல் இல்லை. அழுத்திய அழுத்தில் சுவாமிக்கு வந்த தலைவலிக்காக மூலிகைத் தைலம் சார்த்துகிறார்கள் என்பார்கள். நல்லா ஓடிக்கொண்டிருக்கிற கம்ப்யூட்டரை, 'இதை இப்படி வச்சிக்கலாமா?' என்று கேட்டுக்கொண்டே மாற்றிவிட்டுப் போகிற சித்தப்பா மகன் எல்லா வீட்டிலும் ஒருவன் உண்டு. தைலம் நாம்தான் வாங்க வேண்டும்.

புராணத்தை விடுவோம், கல்லில் எழுதியதற்கு வருவோம். மதுரை கைவிட்டுப் போய்த் தெற்கே ஒதுங்கிய பாண்டியர்களில் ஒருவர் பராக்கிரம பாண்டியன். தென்காசியில் காசி விசுவநாதர் கோயிலை 1446-இல் கட்டத் தொடங்கியவர். கட்டியதோடு விடவில்லை, தமிழ்ச் செய்யுள்களாகச் சில வேண்டுகோள்களையும் கல்லில் வெட்டி வைத்தார். அதில் ஒன்றை நான் தமிழகத்தின் தலைசிறந்த டிக்கெட் என்பேன். ராஜா எழுதியதற்காகச் சொல்லவில்லை. ஒரு பாட்டுக்குள் அவர் எதையெல்லாம் அடக்கியிருக்கிறார் என்று பாருங்கள்.

யாருக்கு எழுதுகிறார்? எவராயிருந்தாலும் சரி, யார் கையில் இந்த வேலை வருகிறதோ அவருக்கு. எந்த இடத்தில் கோளாறு? 'நம்ம கோயில்' என்று மொட்டையாகச் சொல்லவில்லை. தென்காசிப் பொன்னாலயம் என்று ஊரும் பேரும் சொல்கிறார். என்ன கோளாறு? வரக்கூடாத ஒரு குற்றம் வந்துவிட்டால் என்கிறார். இங்கேதான் மனிதர் நிற்கிறார். இன்ன கல்தான் பெயரும், இன்ன தூண்தான் சாயும் என்று தானே முடிவு கட்டிப் பழுதுபார்க்க வருகிறவனைத் திசைதிருப்பவில்லை. என்ன வேண்டும்? அதைச் சரிசெய்து கோயிலைக் காக்க வேண்டும். அதோடு, சரிசெய்கிறவர்களை உலகமறியப் பணிகிறேன் என்று முன்கூட்டியே ஒரு கும்பிடு. கடைசியில் தன் பெயர். 'நான் யார் தெரியுமா?' என்று கேட்கச் சகல தகுதியும் உள்ள ஆள், இன்னும் பிறக்காத ஒரு கொத்தனாரைப் பணிந்து எழுதியிருக்கிறார். அவசரம் என்ற சொல் ஓரிடத்திலும் கிடையாது. ஆச்சரியக்குறி அப்போது நம்மிடம் இல்லை. இருந்திருந்தாலும் நாலைந்து போட்டிருக்க மாட்டார்.

பதில் வந்ததா என்றால், வந்தது. ராஜகோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்றது. ஒன்பது நிலையும் சுமார் 178 அடி உயரமுமாக அதை மறுபடி எழுப்பிக் குடமுழுக்கு நடந்தது 1990-இல். டிக்கெட் போட்டு ஐநூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நடுவில் பாண்டியர் ஒருமுறைகூட 'எனி அப்டேட்?' என்று கேட்டு எழுதவில்லை.

கேட்கத் தெரியாதவர்களுக்கு உதாரணம் வேண்டுமானால் தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் மேலகரத்தில் இறங்க வேண்டும். திரிகூடராசப்பக் கவிராயர் ஊர். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் எழுதிய குற்றாலக் குறவஞ்சியில் மகிழ்ந்து, மதுரை முத்து விசயரங்க சொக்கநாத நாயக்கர் நிலம் கொடுத்தார். அதற்குக் குறவஞ்சி மேடு என்று பெயர். ஒரு சப்போர்ட் உரையாடலை எழுதி வைத்ததற்கு வயல் வாங்கிய ஒரே ஆள் அவராகத்தான் இருக்க முடியும்.

கதை இதுதான். வசந்தவல்லி பந்தடித்துக்கொண்டிருக்கிறாள். குற்றாலநாதர் தெருவில் பவனி வருகிறார். பார்க்கிறாள், அந்த இடத்திலேயே ஹேங் ஆகிவிடுகிறாள். பிறகு ஆரம்பிக்கிறது புலம்பல். நிலா சுடுகிறதாம், தென்றல் சுடுகிறதாம், மன்மதன் சரியில்லையாம். 'நெட் ஸ்லோ, கரண்ட் வேற அடிக்கடி போகுது, இந்தக் கம்பெனி மவுஸே இப்படித்தான்' என்று சம்பந்தமில்லாத எல்லாவற்றையும் திட்டிவிட்டு, 'தெரியாத ஒருத்தர் அனுப்பின ஃபைலைத் திறந்தேன்' என்ற ஒன்றை மட்டும் விழுங்கிவிடுகிறோமே, அந்த ஜாதகம்தான்.

அப்போது கூடையும் கையுமாக வருகிறாள் குறத்தி. வந்ததும் தன் மலையின் பெருமை, எந்தெந்த ஊரில் குறி சொல்லி என்னென்ன பரிசு வாங்கினாள் என்று அனுபவச் சான்றிதழ் எல்லாம் ஒப்பிக்கிறாள். அப்புறம் தரையை மெழுகு, கோலம் போடு, பிள்ளையாரை வை, விளக்கேற்று என்று ஏற்பாடுகள். 'ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்பதன் பழைய வடிவம் இது. நோயாளிக்கு ஒரு வேலை கொடுத்தால் வைத்தியருக்கு யோசிக்க அவகாசம் கிடைக்கும். கையைக் காட்டச் சொல்கிறாள். பார்த்துவிட்டு, இது காதல் காய்ச்சல் என்கிறாள். உடனே வசந்தவல்லிக்குப் பொத்துக்கொண்டு வருகிறது. அப்படியானால் அந்த ஆளின் பேரும் ஊரும் நீயே சொல் பார்க்கலாம் என்கிறாள்! 'ஸ்கிரீன்ல என்ன மெசேஜ் வந்துது?' என்று கேட்டால் 'அதை நீங்கதானே சொல்லணும்' என்று திருப்பிக் கேட்கிற இனத்துக்கு இந்தம்மாதான் மூதாதை.

குறத்தி வித்தைக்காரி. பேரை நேரே சொல்லாமல் சிலேடையில் கொஞ்ச நேரம் சீண்டிவிட்டு, கடைசியில் விஷயத்தைப் பிடித்துவிடுகிறாள். அவளுக்கு இருந்த வசதி என்ன? ஆள் எதிரிலேயே இருந்தாள். முகம் தெரிந்தது, கை கிடைத்தது. சாட்டில் கேட்கிறவருக்குக் கையும் கிடையாது, முகமும் கிடையாது. 'சார் ஒர்க் ஆகல' என்று மூன்று சொல் எழுதிவிட்டு, எதிர்முனையில் குறத்தி இருப்பாள் என்று நம்பிக் காத்திருக்கிறோம்.

ஆனால் அதே நூலில் நல்ல மாதிரியும் இருக்கிறது. அதை ஒரு வேடனிடம் வைத்திருப்பதுதான் கவிராயரின் குறும்பு. குறி சொல்லி வாங்கிய நகைகளையெல்லாம் மாட்டிக்கொண்டு அந்தக் குறத்தி சிங்கி திரும்பி வருகிறாள். தேடி அலைந்த கணவன் சிங்கன் அவளைப் பார்த்துத் திகைக்கிறான். அவன் ஆயுளில் சிலம்பைக் கண்டதில்லை, பெயரும் தெரியாது. அதனால் என்ன, கண்டதைக் கண்டபடி கேட்கிறான்: காலுக்கு மேலே விரியன் பாம்பு கிடக்கிறதே, அது என்ன? சேலத்துப் பக்கம் குறி சொல்லி வாங்கிய சிலம்பு என்கிறாள். செத்த தவளையைக் காலில் கட்டியிருக்கிறாயே? அது கெச்சம். சுண்டு விரலில் குண்டலப் பூச்சி சுருண்டு கிடக்கிறதே? அது காலாழி.

சிங்கனின் கேள்வியில் ஒரு கலைச்சொல்கூடக் கிடையாது. ஆனால் எந்த இடம், என்ன உருவம், என்ன நிலை என்பது மூன்றும் இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு சந்தேகம். அதற்குப் பதில் வந்த பிறகுதான் அடுத்தது. பாம்பையும் தவளையையும் பூச்சியையும் ஒரே மூச்சில் கேட்டு, 'எல்லாத்தையும் பாத்துச் சொல்லு, அர்ஜென்ட்' என்று அவன் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் பாஷை தெரியாதே என்று தயங்குகிறவர்கள் சிங்கனைப் பார்க்க வேண்டும். 'வலது பக்கம் கீழே, மணிக்குப் பக்கத்தில், மஞ்சள் முக்கோணத்துக்குள் ஒரு ஆச்சரியக்குறி' என்று எழுதினால் போதும். அதன் பெயர் சிங்கிக்குத் தெரியும். பாதி தெரிந்தவர்கள்தான் ஆபத்து. அவர்கள் பாம்பைப் பார்த்ததைச் சொல்ல மாட்டார்கள். 'டிரைவர் கரப்ட் ஆயிடுச்சுன்னு நினைக்கேன்' என்பார்கள். சப்போர்ட்காரர் டிரைவரைத் தேடி ஒரு மணி நேரம் அலைவார். கடைசியில் பிரின்டரில் காகிதம் இருக்காது.

புட்டி என்ற மென்பொருளை எழுதிய இங்கிலாந்துக்காரர் சைமன் டாத்தம், பிழைகளைச் சொல்வது எப்படி என்று 1999-இல் ஒரு கட்டுரை எழுதினார். உலகம் முழுக்கச் சுற்றிய கட்டுரை. அதன் சாரமும் ஏறக்குறைய இதுதான்: கண்டதைச் சொல், நீ ஊகிப்பதை ஊகம் என்று தனியாகச் சொல். அவர் சிங்கனைப் படித்திருக்க வாய்ப்பில்லை.

சரி, எல்லாம் ஒழுங்காகக் கேட்டும் எதிர்முனை ஒழுங்கில்லை என்றால்? அந்தக் கேஸும் குற்றாலத்திலேயே நடந்திருக்கிறது. 1798 ஆகஸ்ட் 18 அன்று கலெக்டர் ஜாக்சன், கிஸ்தி பாக்கி விஷயமாக ராமநாதபுரத்தில் வந்து என்னைப் பார் என்று கட்டபொம்மனுக்கு உத்தரவு போட்டார். கட்டபொம்மன் கிளம்பினார். துரை குற்றாலத்தில் இருக்கிறார் என்று அங்கே போனால், பார்க்க முடியாது என்று பதில். ஸ்ரீவில்லிபுத்தூரில் போய் நின்றால் அங்கேயும் அதே பதில். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது, தயவுசெய்து காத்திருக்கவும்' என்பதைக் குதிரைமேல் உட்கார்ந்து அனுபவித்தவர் கட்டபொம்மன்தான். இரண்டை அழுத்தினால் ஸ்ரீவில்லிபுத்தூர், மூன்றை அழுத்தினால் ராமநாதபுரம். அங்கே செப்டம்பரில் ஒருவழியாகப் பேட்டி கிடைத்தது. மூன்று மணி நேரம் நிற்க வைத்தார் என்பார்கள். பேட்டி கைகலப்பில் முடிந்தது. கட்டபொம்மன் தப்பி வந்தார். அவருடைய அமைச்சர் சிவசுப்பிரமணியனார் பிடிபட்டார்.

சினிமா பார்த்த நமக்கு அடுத்து வசனம் ஞாபகம் வரும். ஆனால் அந்த மனிதர் அடுத்துச் செய்தது வசனம் அல்ல, எஸ்கலேஷன். நடந்தது என்ன என்று சென்னைக் கவுன்சிலுக்கு முறையீடு அனுப்பினார். கவர்னர் எட்வர்ட் கிளைவ், பிடிபட்ட அமைச்சரை விடுவித்து ஜாக்சனைச் சஸ்பெண்ட் செய்தார். பிரவுன், ஓரம், காசாமேஜர் என்று மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு டிசம்பர் 15-இல் உட்கார்ந்தது. கட்டபொம்மன் நேரில் போய் ராமநாதபுரத்தில் நடந்ததைச் சொன்னார். அவர்மேல் குற்றமில்லை என்று முடிவானது. ஜாக்சனுக்கு வேலை போயிற்று. அடுத்து வந்த லூஷிங்டன் காலத்தில் பாக்கியை ஏறக்குறைய முழுக்கக் கட்டி, 1080 பகோடாதான் மிச்சம். மறுவருஷமே கயத்தாறில் தூக்கு என்பது வேறு கணக்கு. கிழக்கிந்தியக் கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு அவ்வளவுதான் ஆயுள். ஆனாலும் கீழே உட்கார்ந்திருப்பவன் தட்டிக்கழித்தால் எங்கே, என்றைக்கு, யார் என்ன சொன்னார்கள் என்று மேலே எழுதினால் சில சமயம் வேலை நடக்கும் என்பதற்கு இதைவிடப் பழைய அத்தாட்சி எனக்குத் தெரியாது. கீழே இருப்பவனிடம் கத்துவதில் பிரயோஜனம் கிடையாது. கத்தலுக்குத் தேதி போட முடியாது.

தேதி என்றதும் ஓர் அமெரிக்கப் பூச்சி ஞாபகம் வருகிறது. 1947 செப்டம்பர் 9, ஹார்வர்டின் மார்க் டூ கணினி தகராறு செய்தது. திறந்து பார்த்தால் ரிலேயில் ஓர் அந்துப்பூச்சி. பதிவேட்டில் மணி 15.45 என்று குறித்து, எஃப் பேனல், 70-ஆம் ரிலே என்று இடம் எழுதி, பூச்சியையே டேப் போட்டு ஒட்டிவிட்டார்கள். அந்தப் பக்கம் இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் என்றால் அதுதான் ஸ்கிரீன்ஷாட். நாம் அனுப்புவது எப்படி இருக்கும்? மானிட்டரைச் சாய்வாகப் போனில் பிடித்திருப்போம். டியூப்லைட்டின் பிரதிபலிப்பு இருக்கும், நம் கட்டைவிரல் இருக்கும், பின்னால் காலண்டர் முருகன் இருப்பார். பிழைச் செய்தியின் கடைசி இரண்டு வரி மட்டும் இருக்காது.

இவ்வளவுக்கும் நமக்கு மனு எழுதத் தெரியாமல் இல்லை. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22-இல். அதற்கு முன்னால் கலெக்டரைப் பார்க்கத் திருநெல்வேலிக்குப் பஸ் ஏற வேண்டும். இப்போது திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய்ப் பாருங்கள். மனுவில் அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை எல்லாம் அச்சுப்போல இருக்கும். சர்வே எண், பட்டா எண், இன்ன தேதியில் கொடுத்த மனுவுக்கு இன்ன பதில் வந்தது என்று நகலும் பின்னால் குத்தியிருக்கும். பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதிய கை அல்லவா? அந்த மனுக்காரரின் மகன் வீட்டில் உட்கார்ந்து சப்போர்ட்டுக்கு எழுதுகிறான்: 'ஹாய்'. பத்து நிமிஷம் கழித்து, 'சார் இருக்கீங்களா'. இன்னும் பத்து நிமிஷம் கழித்து, 'ஒரு டவுட்'. பொருளும் இல்லை, பார்வையும் இல்லை.

எல்லாரும் எழுதுகிற ஒரு புகாரையே எடுத்துக்கொள்வோம்: 'கம்ப்யூட்டர்ல தமிழ் வரலை.' இந்த ஒரு வரிக்குள் குறைந்தது நாலு வியாதி இருக்கிறது. எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரிகிறதா? தமிழ் எழுத்துரு அந்த மெஷினில் இல்லை, போட்டால் சரியாகிவிடும். ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியும் அரைப்புள்ளியுமாகக் கிறுக்கியிருக்கிறதா? யூனிகோடு வருவதற்கு முந்தைய பாமினி மாதிரி எழுத்துருவில் அடித்த கோப்பு. அதே எழுத்துருவைப் போட வேண்டும், இல்லையென்றால் மாற்றியில் கொடுத்து யூனிகோடாக்க வேண்டும். வரிசையாகக் கேள்விக்குறிகள் நிற்கின்றனவா? யாரோ ஓரிடத்தில் தப்பாகச் சேமித்து எழுத்தையே அழித்துவிட்டார்கள். எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்துப் புண்ணியமில்லை, மூலக்கோப்பைத் தேடுங்கள். தமிழ் நன்றாகத் தெரிகிறது, ஆனால் ஒன்றை அடித்தால் இன்னொன்று விழுகிறதா? அது விசைப்பலகைச் சண்டை. உங்கள் கை பழைய தட்டச்சுப் பழக்கத்தில் இருக்கிறது, மெஷின் தமிழ்99-இல் இருக்கிறது. நாலுக்கும் நாலு வைத்தியம். நீங்கள் எழுதியதோ 'வரலை'. எதிர்முனையில் இருப்பவர் தரையை மெழுகிக் கோலம் போடுவதைத் தவிர வேறென்ன செய்வார்?

என்ன செய்யும்போது, என்ன எதிர்பார்த்தபோது, என்ன நடந்தது; நேற்றுவரை ஓடியதா, நடுவில் எதைப் போட்டீர்கள், எதை அப்டேட் செய்தீர்கள்; சரிசெய்ய இதுவரை என்னென்ன பார்த்தீர்கள் என்று நாலைந்து வரி எழுதினால் போதும். கடவுச்சொல் மட்டும் வேண்டாம். பூச்சியை ஒட்டி அனுப்புகிற உற்சாகத்தில் ஓ.டி.பி.யையும் சேர்த்து ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தேடுபொறியில் முதலில் வருகிற 'கஸ்டமர் கேர்' எண்ணில் எடுக்கிறவன் ரொம்ப மரியாதையாகப் பேசுவான், ஜாக்சன் மாதிரி அலைக்கழிக்கவும் மாட்டான். கையைக் காட்டச் சொல்வது ரேகை பார்க்க அல்ல, மோதிரத்தை உருவ. உருவிவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள். அங்கேயும் எத்தனை மணிக்கு, எந்த எண், எவ்வளவு பணம் என்றுதான் கேட்பார்கள்.

எல்லாம் முடிந்து கோளாறு தீர்ந்த பிறகு, எப்படித் தீர்ந்தது என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போவது மரியாதை. அடுத்து அதே தொல்லையில் வருகிறவனுக்கு உதவும். நடைமுறையில் நடப்பது வேறு.

"அண்ணாச்சி, சரியாயிட்டு."

"எப்படிடே சரியாச்சு?"

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன்."

"அதத்தாம்லே நான் காலைலயே சொன்னேன்."

"காலைல நீங்க சொன்னதும் பண்ணிட்டேம்னு சொன்னம்லா, அப்ப பண்ணல."